கைதி விரெமு தப்பிய தீவில் ஒரு மதியச் சாப்பாடு

ஆக்லாந்துக்கு விருந்தாளி வந்தால் நாங்கள் அழைத்துப்போகும் இடங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். கோபுரம், ஏதாவது ஒரு எரிமலைக் குன்று, கடற்கரை, கடைசியில் சான்ட்ரிங்ஹாம் ரோட்டில் ஒரு தோசை. கவாவ் தீவு என் பட்டியலில் இருந்ததே இல்லை. இங்கே வந்து பதினான்கு வருடம் ஆகிறது, போன செப்டம்பர் வரை அந்தப் பக்கம் நான் எட்டிப் பார்த்ததில்லை. போனதற்குக் காரணம் என் வீட்டுக்காரர். அவரைக் கிளப்பியது, நூற்றறுபது வருடத்துக்கு முன் அந்தத் தீவில் கைதியாக இருந்து தப்பிய, இந்த மண்ணின் பூர்வகுடியான ஒரு மாவோரிப் போர்வீரர். பெயர் விரெமு.

விரெமு என் தோழி மேரேயின் தாத்தாவுக்குத் தாத்தா. மேரேயும் நானும் மனுகாவில் ஒரே அலுவலகத்தில், எதிரெதிர் மேசையில் ஏழு வருடமாக உட்கார்ந்திருக்கிறோம். அவள் பேசுவதெல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் என் காதில் அது என் சொந்த ஊரான கிள்ளானின் தமிழாகத்தான் விழும். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

ஜூலையில் ஒருநாள் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு. விருந்தாளி வந்தால் என் வீட்டுக்காரர் நேசன் நான்கு வார்த்தை பேசிவிட்டுத் தட்டோடு டிவி முன்னால் போய்விடுவார். அன்றைக்கு மேரே விரெமுவின் கதையை எடுத்தாள், மனிதர் எழுந்திருக்கவே இல்லை.

கதை இதுதான். விரெமு வைக்காட்டோ ஆற்றங்கரைக்காரர். போருக்கு முன்னால் அவருடைய ஆட்கள் கோதுமையும் உருளைக்கிழங்கும் விளைவித்து, படகில் ஏற்றி ஆக்லாந்துச் சந்தைக்குக் கொண்டுவந்து விற்றவர்கள். இந்த ஊர் சாப்பிட்டதே அவர்கள் கையால்தான். 1863இல் அதே ஊரிலிருந்து வெள்ளைக்காரர்களின் படை கிளம்பி அவர்கள் நிலத்துக்குள் நுழைந்தது. எல்லையில் ரங்கிரிரி என்ற இடத்தில் மண்ணை வெட்டி அரண் எழுப்பி, தங்களைவிடப் பெரிய படையை ஒரு பகல் முழுக்க நிறுத்திவைத்தார்கள். இருபது வயது விரெமுவும் அந்தப் பள்ளத்தில் இருந்தார். மறுநாள் விடியலில் பேசிப் பார்க்கலாம் என்று உள்ளேயிருந்து வெள்ளைக்கொடி காட்டினார்கள். படைக்காரர்கள் அதைச் சரணடைந்ததாக எடுத்துக்கொண்டு ஆயுதங்களை வாங்கிவிட்டார்கள். அந்தக் கொடிக்கு என்ன அர்த்தம் என்று சரித்திரம் படித்தவர்கள் இன்னமும் சண்டை போடுகிறார்களாம்.

மேரே வெள்ளைக்கொடி என்று சொன்ன இடத்தில் என் வீட்டுக்காரர் தட்டைக் கீழே வைத்தார்.

நேசன் யாழ்ப்பாணத்துக்காரர். அங்கே போர் முடிந்த வருடம் எட்டு மாதம் முகாமில் முள்ளுக்கம்பிக்குள் இருந்தவர். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் கேட்டுப் பார்த்தேன். "அதை ஏன் இப்ப கதைப்பான்" என்பார். நானும் விட்டுவிட்டேன். பன்னிரண்டு வருடத்தில் இங்கே போகலாம் அங்கே போகலாம் என்று ஒருமுறைகூடக் கேட்காத மனிதர், மேரே வந்துபோன மறுநாள் காலை டீயோடு வந்து நின்றார்.

"அந்த மனுசன் இருந்த தீவுக்கு ஒருக்காப் போவமே?"

மேரேயிடம் சொன்னேன். உடனே சரி என்று சொல்லவில்லை. தீவில் ஒரு மூலையில் அவர்கள் குடும்பம் சில வருடத்துக்கு ஒருமுறை, கைதிகள் தப்பிய செப்டம்பர் மாதத்தில் போய்ப் பிரார்த்தனை செய்யும் இடம் இருக்கிறது. பலகை கிடையாது, வரைபடத்திலும் கிடையாது. வெளியாட்களை அங்கே கூட்டிப்போவதில் அவளுடைய அண்ணனுக்கு இஷ்டமில்லை. "என் ஆளுங்க, நான் பொறுப்பு" என்று சொல்லி இரண்டு வாரம் மல்லுக்கட்டித்தான் சம்மதம் வாங்கினாள். இடையில் நேசன் என்னிடம், விரெமுவுக்கு என்ன சாப்பாடு பிடிக்குமாம், கேட்டுச் சொல்லும் என்றார். கேட்டேன். மேரே சிரித்தாள். உருளைக்கிழங்கு, விலாங்கு மீன், எல்லாத்துக்கும் மேலே குமரா என்றாள். குமரா என்றால் நம் சர்க்கரைவள்ளி, யாழ்ப்பாணத்து வத்தாளங்கிழங்கு. எதற்குக் கேட்டார் என்று அவளும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். மேரே தன் காரை எங்கள் வீட்டு வாசலில் போட்டுவிட்டு எங்களோடு ஏறிக்கொண்டாள். எங்கள் வீடு இருக்கும் சான்ட்ரிங்ஹாமிலிருந்து படகுத் துறை இருக்கும் சான்ட்ஸ்பிட் ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். வடக்கே போகும் மோட்டார்வேயில் ஒரு இடத்தில் சுங்கம் உண்டு. நிறுத்திக் கேட்க ஆள் கிடையாது, ஐந்து நாளைக்குள் இணையத்தில் நீங்களே கட்டிவிட வேண்டும், மறந்தால் தண்டம் வீடு தேடி வரும். ஒன்றேகால் மணி நேரத்தில் துறைக்குப் போய்விட்டோம். நேசன் விடிகாலையிலேயே எழுந்து சமையலறையை உருட்டியிருந்தார். பின்சீட்டில் மூடிய கூடை. மதியச் சாப்பாடு என்று நினைத்து, நான் வேறு அவரை மெச்சிக்கொண்டே வந்தேன்.

படகில் ஏறும்போது பணியாள் ஒருவர் விரலை நீட்டி ஒவ்வொரு தலையாக எண்ணினார். எல்லாப் படகிலும் செய்வதுதான். விரல் தன் பக்கம் வந்ததும் நேசன் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் ஏதாவது கேட்பதற்குள் மேரே சொன்னாள்.

"விரெமுவுக்கும் ஆள் எண்ணினா ஆகாதாம். கடைசி வரைக்கும். சாப்பாட்டுக்கு எத்தனை பேருன்னு வீட்ல யாரும் எண்ணக்கூடாது. பானை நிறைய வை, வந்தவங்க சாப்பிடட்டும்னு சொல்வாராம். எங்க வீட்ல இப்பவும் அப்படித்தான்."

நேசன் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

படகுப் பயணம் முக்கால் மணி நேரம். நடுவில் சின்னச் சின்னத் துறைகளில் நிற்கிறது, கடிதமும் மளிகைச் சாமானும் இறங்குகிறது. செப்டம்பரில் காற்று எலும்பைத் தொடும், ஜாக்கெட் இல்லாமல் மேல்தளத்துக்குப் போகாதீர்கள். ஆனால் மேல்தளத்துக்குப் போகாமலும் இருக்காதீர்கள், அங்கே நின்றால்தான் இந்தக் கதை புரியும். ரங்கிரிரியில் பிடித்தவர்களைப் பல மாதம் ஆக்லாந்துத் துறைமுகத்தில் பாய்மரமில்லாத பழைய கப்பல் ஒன்றில் அடைத்து வைத்திருந்தார்கள். பிறகு ஆளுநரின் சொந்தத் தீவான கவாவுக்குக் கொண்டுவந்தார்கள். சுற்றிக் கடல், எங்கே ஓடப் போகிறார்கள் என்ற நினைப்பு. ஆற்றிலே பிறந்து வளர்ந்தவர்களைத் தண்ணீரைக் காட்டிப் பயமுறுத்தியிருக்கிறார்கள், என்ன சொல்ல.

1864 செப்டம்பரில் ஓர் இரவு, ஏறக்குறைய இருநூறு பேர் கிடைத்த படகுகளில் ஏறிப் போய்விட்டார்கள். துடுப்பு போதவில்லை. விரெமு மண்வெட்டியால் துழாவினார் என்று மேரே வீட்டில் சொல்கிறார்கள். யார்மேலும் ஒரு அடி விழவில்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. காலையில் ஆளுநரின் தீவு காலி. எதிர்க்கரையில் ஒரு நீல மலை தெரிந்தது. அதன் உச்சியில்தான் போய் மறுபடி அரண் வெட்டி உட்கார்ந்தார்கள் என்று மேரே கை காட்டினாள். அந்தத் தூரத்தைக் கண்ணால் அளந்து பார்த்தேன். என்ன நெஞ்சுரம் அந்த மனிதர்களுக்கு.

தீவில் இறங்கியதும் ஆளுநரின் வெள்ளை மாளிகை. புல்தரையில் மயில்கள், ஓரத்தில் பழைய செம்புச் சுரங்கத்துக்குப் போகும் நடைபாதை. எல்லாம் அழகுதான், படம் எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் நிற்கவில்லை. மேரே முன்னால் நடந்தாள், காட்டுப் பாதையில் முக்கால் மணி நேரம். அந்த இடம் எங்கே என்று மட்டும் எழுத மாட்டேன். சின்னக் கற்கடற்கரை, ஒரு தட்டைப் பாறை, மேலே சாய்ந்த ஒரு மரம். அவ்வளவு போதும்.

மேரே பாறைக்கு முன்னால் நின்று கண்ணை மூடி அவள் மொழியில் பிரார்த்தனை சொன்னாள். கைதியாகவே இறந்து வீட்டுக்குத் திரும்பாதவர்களின் பெயர்களும் அதில் வருமாம். நான் கை கட்டி நின்றேன். அவள் கண் திறந்தபோது நேசன் பாறைக்கு முன்னால் மண்டியிட்டு வாழையிலை ஒன்றை விரித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். சான்ட்ரிங்ஹாம் கடையில் உறைய வைத்து விற்பார்களே, அந்த இலை. கை கூடையின் மூடிக்குப் போய்விட்டது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் எட்டாம் நாள் அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைப்பார்கள். நேசன் விரெமுவுக்குப் படைக்க வந்திருக்கிறார்.

"எடு," என்றாள் மேரே. அவள் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை. "இங்க இல்ல. சாப்பாட்டை இங்கேயிருந்து எடு."

"இது அவருக்குத்தான், மரியாதைக்கு..." என்று நான் ஆரம்பித்தேன்.

"எங்களுக்கு அது மரியாதை இல்ல. செத்தவங்க இருக்கிற இடத்துக்குச் சாப்பாடு வரக்கூடாது. அந்த இடத்தோட புனிதத்தையே அது கலைச்சிடும். என் அண்ணன் இதுக்குத்தான் பயந்தான்." திரும்பிப் பார்க்காமல் வந்த வழியே நடந்துவிட்டாள்.

நேசன் கூடையை எடுத்துக்கொண்டார். பாறையில் பட்ட இலையைச் சுருட்டிக் கூடைக்கு வெளியே கையிலேயே பிடித்துக்கொண்டார், எங்கே போடுவது என்று தெரியவில்லை. முகம் செத்துப்போயிருந்தது. எனக்கு இரண்டு பேர்மேலும் கோபம். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக்கூடாதா இந்த மனிதர்? அவளாவது கொஞ்சம் மெல்லச் சொல்லியிருக்கலாம். ஏழு வருடச் சிநேகிதம் இந்தக் கல்லில் முட்டி உடைந்துவிடும்போல இருந்தது. அண்ணன் எதிரில் எங்களுக்காக நின்றவள் அவள்.

படகு வர இரண்டு மணி நேரம் இருந்தது. தீவு என்பதால் கோபித்துக்கொண்டு போக இடமும் இல்லை. மேரே மாளிகைக்கு அப்பால் புல்தரை பெஞ்சில் ஒரு முனையில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் மறுமுனையில். கோழி மாதிரி ஒரு பழுப்புப் பறவை, வெக்கா என்று பெயர், கூடையைச் சுற்றிச் சுற்றி வந்தது. அதை விரட்டுகிற சாக்கில் மூன்று பேருக்கும் ஒரு வேலை கிடைத்தது.

கடைசியில் நேசன்தான் வாயைத் திறந்தார். கடலைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னார். "நான் சொல்லுறன். நீர் அவவுக்கு இங்கிலீசிலை சொல்லும்."

அப்படித்தான் அவருடைய கதையை நான் முதன்முதலாகக் கேட்டேன், ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்துக்கொண்டு.

"எங்கடை கூடாரத்திலை எனக்குப் பக்கத்திலை ஒராள் இருந்தவர். வயசாளி இல்லை, ஐம்பது இருக்கும். தோட்டக்காரன். வத்தாளங்கிழங்கு எண்டால் உயிர். பசியிலை ஒவ்வொரு நாளும் அதைத்தான் கதைப்பார், எப்பிடி அவிக்கிறது, எப்பிடித் தேங்காய்ப்பூ போடுறது எண்டு. ஒருநாள் விடிய அவர் எழும்பேல்லை. காலமை ஆள் எண்ண வந்தவங்கள், ஒண்டு குறையுது எண்டாங்கள். அவ்வளவுதான். எட்டுக்குப் படைக்க எங்களிட்டை ஒரு சோத்துப் பருக்கைகூட இல்லை."

அங்கே நான் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டேன். மேரே "சொல்லு" என்றாள். சொன்னேன்.

"இந்த மனுசனும் கைதி, அந்தாளும் கைதி. இவருக்கு வச்சால் அவருக்கும் போய்ச் சேரும் எண்டு நினைச்சன். உங்கடை முறை எனக்குத் தெரியாமப் போச்சு. கேட்டிருக்கோணும்."

மேரே பெஞ்சில் எங்கள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு ஒன்று கேட்டாள்.

"நீ வெளியே வந்தப்போ உனக்கு யாரு சாப்பாடு போட்டா?"

இதற்கு நேசன் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. ஆங்கிலத்திலேயே சொன்னார். வீட்டில் யாரும் மிஞ்சியிருக்கவில்லை. வவுனியா பஸ் ஸ்டாண்டில் ஒரு பணிஸ் பன்னும் ஒரு பிளேன்டீயும் நானே வாங்கிச் சாப்பிட்டேன் என்றார்.

மேரே போனை எடுத்துக்கொண்டு துறைப் பக்கம் நடந்தாள். அங்கே மட்டும்தான் சிக்னல் வரும். அண்ணனுக்குத்தான் பேசினாள். நடந்ததை ஒளிக்கவில்லை, இலை விரித்தது முதல் வவுனியா வரை எல்லாவற்றையும் சொன்னாள். எங்களுக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது.

"அண்ணன் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டான். அப்புறம் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான். 'அந்த ஆளு சாப்பிட்டாச்சா?'"

பாறையில் பட்ட இலையை ஒரு மரத்தடியில் மண்ணைக் கிளறிப் புதைக்கச் சொன்னாள். பிறகு தண்ணீர்ப் போத்தலைத் திறந்து எங்கள் இருவர் கையிலும் ஊற்றினாள், தன் கையிலும் ஊற்றிக்கொண்டாள், தலையில் கொஞ்சம் தெளித்தாள். செத்தவங்க இடத்திலிருந்து வந்தால் முதலில் தண்ணீர், அப்புறம் சாப்பாடு, அப்போதுதான் மனுசங்க இடத்துக்குத் திரும்பி வந்ததாக அர்த்தம் என்றாள். சுடுகாட்டுக்குப் போய்வந்து குளிக்காமல் வாசல்படி ஏறாத கூட்டம் நாம், இதை எனக்கு விளக்கவே வேண்டியதில்லை.

"விரெமு எதிர்க்கரையில இறங்கினப்போ அங்க இருந்தவங்க அவரோட சொந்த ஆளுங்க இல்ல. வேற கூட்டம். இருந்தாலும் சாப்பாடு கொடுத்தாங்க. அப்புறம் ஊருக்குப் போனா நிலமெல்லாம் பறிபோயிருக்கு. பறிச்ச நிலத்தோட எல்லைக்கு அப்பால, அடுத்தவங்க மண்ணுல பல வருஷம் உருளைக்கிழங்கு நட்டுப் பிழைச்சு, பிள்ளைங்களை வளர்த்து, கிழவராகித்தான் ஆத்தங்கரைக்கு வந்து சேர்ந்தார். யாரையும் வையமாட்டாராம். வந்தவங்களை முதல்ல சாப்பிட வைப்பாராம். எங்ககிட்ட சாப்பாடு செத்தவங்களுக்கு இல்ல, நேசன். திரும்பி வந்தவங்களுக்கு."

கூடையில் இன்னொரு இலை இருந்தது. அவளே அதைப் பெஞ்சில் விரித்தாள். சோறு, உருளைக்கிழங்குக் கறி, விலாங்கு கிடைக்காததால் வேறு மீன் பொரியல், தேங்காய்ப்பூ தூவிய வத்தாளங்கிழங்கு. இலை நிறைய வைத்து நேசன் பக்கம் தள்ளினாள்.

"நீ வந்துட்டே. சாப்பிடு."

அவர் சாப்பிட்டார். கண்ணீர் வழிய வழிய, துடைக்காமல் சாப்பிட்டார். பாதியில் கிழங்கு ஒன்றை எடுத்து மேரே கையில் வைத்தார். அவளும் சாப்பிட்டாள். நான் இந்த மனிதரோடு பன்னிரண்டு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டவள். அவர் பசியோடு சாப்பிடுவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

படகுக்குக் காத்திருந்தபோது உங்களுக்காகப் போனில் குறித்துக்கொண்டவை கீழே. நாங்கள் போன அன்று படகுக்கு ஆளுக்கு அறுபது டாலருக்குக் கொஞ்சம் கீழே, போவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் படகு குறைவு, கடைசிப் படகைத் தவறவிட்டால் தனிப் படகுக்குச் சொத்தை எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். பஸ்ஸில் வரலாம் என்று கணக்குப் போடாதீர்கள், மூன்று வண்டி மாறியும் துறைக்கு நடக்க வேண்டிவரும். ஏறுமுன் சப்பாத்தின் மண்ணைத் தேய்த்துக் கழுவுங்கள், இங்கே மரங்களுக்கு நோய் மண் வழியாகத்தான் பரவுகிறது. மாளிகையோடு திரும்பிவிடாமல் கைதிகளின் கதையை முன்பே கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் மயிலைப் பார்த்துவிட்டு வருவீர்கள். சாப்பாடு கட்டாயம் கட்டிக்கொண்டு போங்கள். எங்கே பிரிக்கலாம் என்பதை அந்த மண்ணுக்குரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று மணிக்குப் படகு வந்தது. ஏறி உட்கார்ந்ததும் காலையில் பார்த்த அதே பணியாள் மறுபடி விரலை நீட்டித் தலைகளை எண்ணத் தொடங்கினார். எதற்கு இன்னொரு தடவை எண்ணுகிறீர்கள் என்று கேட்டேன்.

"யாரையும் தீவில் விட்டுவிட்டுப் போகக்கூடாதில்லையா," என்றார் அவர்.

நேசனுக்கும் அது கேட்டது. விரல் எங்கள் வரிசைக்கு வந்தபோது அவர் முகத்தைத் திருப்பவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோலக் கையைத் தூக்கிக் காட்டினார்.

"ஓம்," என்றார் தமிழிலேயே. "நானும் வந்திட்டன்."